அந்தப் பலாவிலை எங்கிருந்து வந்தது?

கேள்வி: நான் கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் தரம் 11, ஆங்கில மொழிமூலம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட் ஒன்றில் அம்மா, அப்பா, தம்பி, அம்மம்மாவுடன் இருக்கிறேன். ஆங்கில வகுப்பில் எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் ஆடி மாதம் முதல் நாளில் வரும் ஆடிப்பிறப்பைப் பற்றி எழுதினேன். அம்மம்மா கூழ் காய்ச்சுவது, நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்து பலாவிலையைக் கோலிக் குடிப்பது என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதை வகுப்பில் வாசித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். பாடசாலைச் சஞ்சிகைக்கும் கேட்கிறார். ஆனால் எனக்குச் சந்தோஷமே இல்லை. வகுப்பில் இங்கிலிஷ் பேசும்போது நான் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் போனால் மச்சாள்மார் ‘கொழும்புக்காரி’ என்று என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் யார் என்றே தெரியவில்லை. தமிழ் மொழிமூலத்துக்கு மாறினால் இது சரியாகுமா? கட்டுரையைச் சஞ்சிகைக்குக் கொடுக்கலாமா? (இந்த முறை ஆடிப்பிறப்பன்று எனக்குக் கணித டியூசன். வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது, கூழ் பிரிட்ஜில் இருந்தது. அதனால் சில விபரங்களை இணையத்தில் பார்த்துத்தான் எழுதினேன். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் கட்டுரையைக் காட்டவில்லை.)
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: மகள், உன் கடிதம் நான்கு பக்கம். இடம் போதாமல் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். நீ யார் என்ற ஆராய்ச்சிக்கே மூன்றரைப் பக்கம் போய்விட்டது. அதை விட்டுவிடுகிறேன். கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைத்தான் எழுதுகிறார்கள். நீ இரண்டு உலகங்களுக்கு நடுவில் நிற்கும் பாலம், இரண்டுமே உனக்குச் சொந்தம், கவலைப்படாதே என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். எழுதப் போவதில்லை. மச்சாள்மார் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. அவர்கள் கொழும்புக்கு வந்து பஸ்ஸில் சிங்களம் பேசத் திணறும்போது உன் முறை வரும்.

நான் நின்றது கடைசியில் அடைப்புக்குறிக்குள் நீ ஒளித்து வைத்த இடத்தில். அன்று டியூசன், வர ஏழரை, கூழ் பிரிட்ஜில், விபரம் இணையத்தில். உன் பிரச்சினை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. அது உனக்கும் தெரிந்தபடியால்தான் அடைப்புக்குறி போட்டிருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பலாவிலை எங்கிருந்து வந்தது? வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், எந்தப் பலாமரத்தில் ஏறிப் பறித்தீர்கள்? யாழ்ப்பாணத்து முற்றத்தில் யாரோ ஒருவர் குடித்த கூழை உன் வீட்டுக் கூழ் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் எதில் குடிப்பார்கள்? எவர்சில்வர் தம்ளரா, கோப்பையா? உனக்குத் தெரியுமா, தெரியாதா? கடிதம் முழுவதும் தேடினேன், அது மட்டும் இல்லை.

இன்னொரு வரியையும் நீ போகிற போக்கில் எழுதியிருந்தாய், சுருக்கும்போது அது விடுபட்டுப் போனது. அம்மம்மா இதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒருவரிடம் சொல்லிப் பனங்கட்டிக் குட்டான், அதாவது சின்னப் பனையோலைப் பெட்டியில் வரும் பனைவெல்லம், எடுப்பித்தாராம். வெள்ளவத்தைக் கடைகளில் பனங்கட்டி இல்லாமலா? ஆனாலும் தனக்குப் பழக்கமான இடத்துச் சாமான்தான் வேண்டும் என்று, முழங்கால் வலியோடு போன் எடுத்து, ஆள் பிடித்து, விடியப்புறம் அப்பாவை பஸ் நிற்கும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறார். பிள்ளை, உன் கட்டுரைக்கு வேண்டியது முழுக்க அந்தக் குட்டானில் இருந்தது. நீ அதை விட்டுவிட்டுப் பலாவிலை தேடிப் போயிருக்கிறாய்.

ஆடிக்கூழ் காய்ச்சி இருக்கிறாயா? உனக்காக இல்லாவிட்டாலும், இதை வாசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பயற்றை வறுத்துக் கோது நீக்கி அவிய விட வேண்டும். அரிசிமாவில் ஒரு பங்கைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். மிச்ச மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, பனங்கட்டியும் சேர்த்து, தேங்காய்ச் சொட்டோடு விட்டுத் துழாவ வேண்டும். சில வீடுகளில் மிளகு, சீரகமும் போடுவார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கரைசலை ஊற்றும்போது துழாவுகிற கை நிற்கக் கூடாது, நின்றால் கட்டிபட்டுவிடும். ஒருவர் ஊற்ற வேண்டும், மற்றவர் அகப்பையைப் பிடிக்க வேண்டும். தனியாகவும் செய்யலாம்தான், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எழுபது தாண்டிய ஒரு மனுஷிக்கு, காஸ் அடுப்புக்கு முன்னால் நின்று இடக்கையால் சட்டியைச் சரித்து ஊற்றி வலக்கையால் துழாவுவது லேசான வேலை இல்லை. அந்த இரண்டாவது கை உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அது டியூசன் மேசையில் திரிகோணகணிதம் எழுதிக்கொண்டிருந்தது.

அப்புறம் வந்து, பிரிட்ஜில் இருந்த கூழைக் குடித்தாயா? அதையும் நீ எழுதவில்லை. குடித்திருந்தால் எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். ஆறிய கூழ் களி மாதிரி இறுகிவிடும், அதைச் சூடாக்கிக் குடிக்கிற பொறுமை பதினாறு வயதில் வராது. சரி, அதை விடு.

கைதட்டல் உனக்கு ஏன் கசந்தது என்று இப்போது தெரிகிறதா? நீ ஆங்கிலத்தில் எழுதியது காரணம் இல்லை. போகாத கல்யாணத்தின் போட்டோ அல்பத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாடு எப்படி இருந்தது என்று ஊருக்குச் சொன்னால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும். இதற்கு அடையாளச் சிக்கல் என்று பெரிய பெயர் வைக்காதே. உனக்கு இருப்பது வருகைப் பதிவுச் சிக்கல். நீ அன்று வீட்டில் இல்லை.

தமிழ் மொழிமூலத்துக்கு மாறட்டுமா என்று கேட்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாதாரண தரப் பரீட்சையைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு மொழிமூலம் மாறுவது முட்டாள்தனம். அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். ஆங்கில மொழிமூலம் என்றாலும் தாய்மொழியும் சமயமும் நீ தமிழில்தானே படிக்கிறாய்? சைவநெறிப் புத்தகத்தில் விரதங்களைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்துவிட்டு, வீட்டில் ஒரு நல்ல நாள் நடக்கும்போது நீ வகுப்பில் இருந்தாய். அதைத் தமிழ் மொழிமூலம் எப்படித் திருத்தும்? தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளைகள் டியூசனுக்குப் போவதில்லையா?

ஆங்கிலத்தின் மேல் பழி போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலத்தில் படித்தவர், சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் கொடுத்த பி.ஏ. பட்டத்தை வாங்கியவர்களில் ஒருவர். அவர்தான் பிறகு செல்லரித்த ஏடுகளோடு குந்தியிருந்து 1887இல் சங்க நூலான கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தார். காரைதீவு விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய யாழ் நூல் 1947இல் வந்தது. ஆங்கிலம் இவர்களிடமிருந்து எதைப் பறித்தது? ஏடு தொட்டால் உதிரும் என்று தெரிந்தும் தொட்டுப் பிரித்தவர் தாமோதரம்பிள்ளை. இருவரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். நீ உட்காரவில்லை, அவ்வளவுதான்.

இனி உன் அம்மாவுக்கு இரண்டு வார்த்தை. இந்தப் பகுதியை அவரிடம் வாசிக்கக் கொடு.

தங்கச்சி, உங்கள் பயம் எனக்கு விளங்கும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, சிங்களப் பரீட்சை சித்தியடையவில்லை என்று பதவி உயர்வும் சம்பள உயர்வும் இழந்த தமிழ் உத்தியோகத்தர்களை நம் குடும்பங்கள் கண்டிருக்கின்றன. உங்கள் தலைமுறை தமிழில் படித்துவிட்டு, நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் வராமல் விக்கி நின்றது. ஆகவே பிள்ளைக்கு ஆங்கிலமும் கணிதமும் குறையக் கூடாது என்று ஓடுகிறீர்கள். ஓடுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் ஒரு பின்னேர வகுப்பை விட்டால் கணிதம் போய்விடாது. சேர் ஒரு குறிப்பை வட்ஸ்அப்பில் போட்டிருப்பார், ஒரு சிநேகிதியின் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கலாம். உங்கள் தாய் அடுப்படியில் தனியே நிற்பது தெரிந்தும் பிள்ளையை அனுப்பியது நீங்கள்தான். அவள் பதினாறு வயசுப் பிள்ளை, அனுப்பினால் போவாள். நாளைக்கு அவள் மெல்போர்னிலோ டொரொண்டோவிலோ இருந்துகொண்டு, உங்களுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டதும் “மம்மி, இன்றைக்கு எனக்கு மீட்டிங்” என்று சொன்னால், இந்தப் பின்னேரத்தில்தான் படித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். அவன் அன்று எங்கே இருந்தான் என்று மகள் எழுதவில்லை. ஆம்பிளைப் பிள்ளை என்று அவனை யாரும் கூப்பிட்டிருக்கவும் மாட்டீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். மா உருட்டுவதற்குப் பெண்ணாகப் பிறக்க வேண்டியதில்லை.

மகள், திரும்ப உன்னிடம் வருகிறேன். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் காட்டவில்லை என்கிறாய். இது பொய்ச் சாட்டு. உனக்குத் தமிழ் தெரியுமே? உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே. “டீச்சர் வாசித்தா, எல்லோரும் கை தட்டினார்கள், உங்களைப் பற்றித்தான் அம்மம்மா” என்று சொல்வதற்கு இலக்கணம் வேண்டுமா? உண்மையில் நீ பயந்தது வேறு. பலாவிலை என்று சொன்னவுடன் அவர் “எங்கட வீட்டில எப்பவடி பலாவிலை?” என்று கேட்பார். வகுப்பில் யாருக்கும் தெரியாத பொய் அவருக்கு மட்டும் தெரியும். கட்டுரையின் நாயகியிடமே கட்டுரையை ஒளிக்க வேண்டி வந்திருக்கிறது, பார்.

ஆகவே இந்தச் சனிக்கிழமை அவருக்கு முன்னால் இருந்து, கட்டுரையை வரி வரியாகத் தமிழில் சொல்லு. உன் தமிழில் சொல்லு, மச்சாள்மார் சிரிக்கிற அதே தமிழில். அவர் திருத்துவார், விடு. கோபித்தால் வாங்கிக்கொள். “அன்றைக்கு ஏன் வரவில்லை?” என்று கேட்டால், டியூசன் என்று சொல்லிவிட்டு மேலே விளக்கம் கொடுக்காமல் பேசாமல் இரு. பிறகு அவர் கதைக்கத் தொடங்குவார். கொழும்புக்கு எந்த ஆண்டு வந்தார், முதன்முதல் இந்த நகரத்தில் கூழ் காய்ச்சியது எந்த வீட்டில், எந்த அடுப்பில், 1983 ஆடிக் கலவரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது, இதெல்லாம் வரலாம், வராமலும் போகலாம். அந்த வருஷத்து ஆடியைப் பற்றி அவர் பேச விரும்பாவிட்டால் தோண்டாதே. கையில் போனை வைத்துக்கொண்டு பதிவு செய்யாதே. அவர் சொல்வது முதலில் உனக்கு, கட்டுரைக்கு அல்ல.

கார்த்திகையில் விளக்கீடு வருகிறது. பிளாட் பல்கனியில் சிட்டி விளக்கு வைக்கிற வேலையை நீயும் தம்பியும் எடுங்கள். திரி திரிப்பது, எண்ணெய் விடுவது, காற்றுக்கு அணைந்தால் திரும்பக் கொளுத்துவது, மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது, எல்லாம் நீங்கள்தான். அன்று வகுப்பிருந்தால் சேருக்கு வரமாட்டேன் என்று நீயே எழுது. அம்மாவைக் கொண்டு எழுதுவிக்காதே.

சஞ்சிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது இருக்கிறபடி கொடுக்கக் கூடாது. திங்கட்கிழமை டீச்சரிடம் போய், அன்று நான் வீட்டில் இருக்கவில்லை, பலாவிலை இணையத்தில் எடுத்தது என்று சொல்லு. முகம் சிவக்கும், பரவாயில்லை. புள்ளியைக் குறைத்தால் குறைக்கட்டும். திருத்தி எழுத ஒரு வாரம் தவணை கேள். நல்ல டீச்சர் என்றால் தருவார். தந்தால் டியூசனையும், இரவு பஸ்ஸில் வந்த குட்டானையும், பிரிட்ஜையும், நீ இல்லாத அடுப்படியையும் எழுது. உன் ஆங்கிலம் அதற்குத் தாராளமாகப் போதும். தவணை தராவிட்டால் இந்த வருஷச் சஞ்சிகையில் உன் பெயர் வராது. வராமல் இருக்கட்டும்.