திப்பியில் அமைலேஸ்: பணம் போடலாமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் 3 ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பியை வாங்கி மாட்டுக்கு வைக்கிறோம். அதில் பூஞ்சை வளர்த்து அமைலேஸ் என்சைம் எடுத்துத் துணி ஆலைக்கு விற்கலாம், 5 லட்சம் கொடுத்தால் எல்லாம் அமைத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். இறங்கலாமா?

பதில்: வணக்கம் அய்யா. இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வது பொய்யில்லை. மாவுப்பால் பிழிந்த பிறகும் காய்ந்த திப்பியில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்துதான். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே போன்ற பூஞ்சை அதில் வளரும்போது மாவை உடைக்க அமைலேஸைச் சுரக்கும். துணியில் ஏறிய கஞ்சியை நீக்கவும் அமைலேஸ்தான் வேண்டும். ஆனால் ஆலைகளில் அந்த வேலை பெரும்பாலும் நல்ல சூட்டில் நடக்கிறது. பூஞ்சை அமைலேஸ் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. அதனால் அங்கே அதிகம் போவது பாசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த, சூடு தாங்கும் அமைலேஸ். உங்கள் சரக்கை எந்த ஆலை வாங்கும் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. திப்பியை அழுத்த ஆவியில் 121 டிகிரியில் கிருமிநீக்கி, சுத்தமான பூஞ்சை வித்தை மட்டும் இட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற வேறு பூஞ்சை புகுந்துவிடலாம். அதுவும் பச்சையாகத்தான் படரும், கண்ணால் பிரித்தறிய முடியாது. அது விடும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். கெட்டுப்போன திப்பியை வீணாக்க மனசு வராமல் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள்.

மாட்டுக்கு வைப்பதையும் களத்தில் மெல்லிசாகப் பரப்பி, வாங்கிய அன்றே காயப் போடுங்கள். திப்பியில் புரதம் மிகக் குறைவு, பிண்ணாக்கு சேர்த்தே வையுங்கள்.

என்சைமில் உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ முதலில் பேசுங்கள்.

அதற்கு முன், 5 லட்சம் கேட்டவர் திப்பியில் பூஞ்சை வளர்த்து எடுத்த என்சைம் சாற்றைக் கொஞ்சம் வாங்கி வாருங்கள். நீர்த்த ஜவ்வரிசிக் கஞ்சியை வெதுவெதுப்பாக ஆற்றி இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் சாறு 2 ஸ்பூன், மற்றதில் வெறும் தண்ணீர் 2 ஸ்பூன். அரை மணி கழித்து இரண்டிலும் டிங்சர் அயோடின் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். தண்ணீர் விட்டது கருநீலமாகும். சாறு விட்டதும் அதே கருநீலமானால், அதில் வேலை செய்கிற அமைலேஸ் இல்லை.