கோர்பினும் யூத வெறுப்பும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஜெரமி கோர்பினும் ஸாரா சுல்தானாவும் பிரிட்டனில் தொடங்கிய ‘யுவர் பார்ட்டி’ என்ற இடதுசாரிக் கட்சி லிவர்பூலில் நடத்திய தொடக்க மாநாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், இந்தப் புதுக் கட்சியின் சண்டை பழைய கட்சியில் அடைக்காமல் விட்ட கடன் என்று ஒரு வரி வருகிறது. கோர்பின் முன்பு தலைமை தாங்கிய அந்த லேபர் கட்சியில் யூத வெறுப்பு உண்மையாகவே இருந்தது என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு நொந்துவிட்டது.

நான் லண்டனில் வளர்ந்தவன். 2009இல் பள்ளி மாணவன். ஈழப் போரை நிறுத்தச் சொல்லி அம்மாவோடு பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவு இரவாக உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்காகக் குரல் கொடுத்த மிகச் சில எம்.பி.க்களில் ஜெரமி கோர்பினும் ஜான் மக்டொனலும் உண்டு. 2015இல் 3 பவுண்ட் கட்டிப் பதிவு செய்து, லேபர் தலைவர் தேர்தலில் கோர்பினுக்கு வாக்களித்தேன். 2017 தேர்தலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என்னோடு சேர்ந்து கதவு தட்டிய ஒரு யூதத் தோழி 2018இல் கட்சியை விட்டுப் போய்விட்டார். கோர்பின் ஆதரித்ததாகச் சர்ச்சையான அந்தச் சுவரோவியத்தைப் பற்றிக் கிளைக் கூட்டத்தில் பேச எழுந்தார். "இதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தது?" என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவரோடு பேச்சில்லை. அவர் எங்களைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கோர்பினை வீழ்த்துவதற்காக இஸ்ரேல் ஆதரவாளர்களும் பத்திரிகைகளும் சொந்தக் கட்சி எம்.பி.க்களுமே சேர்ந்து கட்டிய கதை இது. இது தெரிந்தும் நீங்கள் ஏன் இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்களோடு எனக்கு உடன்பாடு உள்ள இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோர்பினின் தலைமையை அவருடைய எம்.பி.க்களில் பெரும்பாலோர் ஒருநாளும் மனதார ஏற்கவில்லை. 2015 ஜூனில் போட்டியிடுவதற்கு 35 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டியிருந்தது. கெடு முடிய நிமிடங்களே இருந்தபோதுதான் அவருக்கு அது சேர்ந்தது. அதிலும் சிலர், விவாதத்தில் ஓர் இடதுசாரிக் குரலும் இருக்கட்டுமே என்று கையெழுத்துப் போட்டவர்கள். செப்டம்பரில் அவர் 59.5 சதவீத வாக்கில் ஜெயித்துவிட்டார். மறு வருடமே பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்த கையோடு நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 172 எம்.பி.க்கள் எதிர்த்தார்கள், 40 பேர் ஆதரித்தார்கள். அவர் விலகவில்லை. உறுப்பினர்கள் மறுபடி 61.8 சதவீதம் கொடுத்து உட்கார வைத்தார்கள். அடிமட்டம் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது, மேல்மட்டம் அவரோடு குடும்பம் நடத்த மறுக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் எந்தப் புகார் வந்தாலும் அது தலைவர் நாற்காலியைப் பற்றிய புகாராகத்தான் ஆகும். யூத வெறுப்புப் புகாரைக் கையில் எடுத்தவர்களில் கோர்பினை இறக்குவது ஒன்றே குறியாக இருந்தவர்கள் உண்டு. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆயுதமாகப் பயன்பட்டதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடுமா என்பதுதான் நமக்குள் உள்ள வழக்கு. உங்கள் தோழி பேச எழுந்த அந்தச் சுவரோவியத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அதைக் கடைசியாக எப்போது முழுதாகப் பார்த்தீர்கள்?

2012இல் கிழக்கு லண்டனில், பிரிக் லேனை ஒட்டி, ஓர் அமெரிக்க ஓவியர் வரைந்தது. கோட்டு சூட்டு போட்ட கிழவர்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து மோனாபலி மாதிரி ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். அந்தப் பலகைக்குக் கால்கள் கிடையாது. குனிந்து கிடக்கும் கறுத்த நிர்வாண மனிதர்களின் முதுகுதான் அதைத் தாங்குகிறது. பின்னால் ஒரு பிரமிடு, அதன் உச்சியில் ஒரு கண். கிழவர்களில் சிலரின் மூக்கும் தாடியும், நாஜிக் காலத்துப் பிரசுரங்களில் யூதரை எப்படி வரைந்தார்களோ அப்படி. அவர்களில் யூதர்களும் உண்டு, ஆங்கிலேயரும் உண்டு, தன் கோபம் வங்கி முதலாளிகள் மீதுதான் என்று ஓவியர் சொன்னார். உள்ளூர் மேயர் லுட்ஃபர் ரஹ்மான் அதை அழிக்கச் சொன்னார். அழிக்கப் போகிறார்கள் என்று ஓவியர் ஃபேஸ்புக்கில் எழுதியதும், அப்போது சாதாரண எம்.பி.யாக இருந்த கோர்பின், ஏன் என்று கேட்டு ஆறுதல் சொன்னார். மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் சுவரோவியத்தில் லெனின் இருந்ததற்காக ராக்ஃபெல்லர் அதை அழித்தாரே, நீங்களும் அந்த வரிசையில்தான் சேர்கிறீர்கள் என்பதுபோல எழுதினார்.

கோர்பின் அந்தப் படத்தில் கண்டது முதலாளிகளையும் முதுகு வளைந்த ஏழைகளையும். அது அவருடைய ஐம்பதாண்டு அரசியலின் படம். யூதப் பெண் ஒருவர் அதே படத்தில் கண்டது தன் தாத்தாவின் மூக்கை. இரண்டும் ஒரே சுவரில் இருந்தன.

இடதுசாரிகளுக்கு இந்த வெறுப்பு மட்டும் ஏன் கண்ணில் படாமல் நழுவுகிறது என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. நமக்குத் தெரிந்த மற்ற வெறுப்புகள் எல்லாம் மேலிருந்து கீழே பார்ப்பவை. கறுப்பன் சோம்பேறி, அகதி அழுக்கு, தாழ்ந்த சாதிக்காரன் தீட்டு. கேட்ட மாத்திரத்தில் அது அநியாயம் என்று நமக்குப் புரிகிறது. யூத வெறுப்பு பெரும்பாலும் கீழிருந்து மேலே பார்ப்பதுபோல் நடிக்கும். அவன் பணக்காரன், வங்கி அவன் கையில், பத்திரிகை அவன் கையில், திரைக்குப் பின்னால் அவன்தான் கயிறு இழுக்கிறான். அதிகாரத்தை எதிர்க்கும் குரல்போலவே ஒலிப்பதால் நம் கூட்டத்தில் அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மன் மொழி பேசிய சோஷலிஸ்டுகள் இதை அடையாளம் கண்டு ‘முட்டாள்களின் சோஷலிசம்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வரும் தமிழ் வாட்ஸ்ஆப் செய்திகளில் ரோத்ஷீல்ட் என்ற யூத வங்கிக் குடும்பம் உலகத்தையே ஆள்வதாக மாதம் ஒன்றாவது இருக்கும். அனுப்புகிறவர்கள் நல்லவர்கள். ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்திராதவர்கள்.

2018 மார்ச்சில் லிவர்பூல் எம்.பி. லூசியானா பெர்கர் அந்தப் பழைய பதிவை எடுத்து விளக்கம் கேட்டார். கோர்பினின் அலுவலகம் முதலில் கருத்துச் சுதந்திரம் என்று பதில் சொன்னது. பிறகுதான், படத்தை இன்னும் உற்றுப் பார்க்காமல் போனதற்கு வருந்துவதாக அவர் சொன்னார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் அதற்குள் கிளைகளில் கேள்வி மாறிவிட்டிருந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இதைக் கிளப்பியது யார், ஏன் இப்போது என்றுதான் கேட்டார்கள். உங்கள் தோழியிடம் கேட்டதும் அதுதான்.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. கட்சிக்குள் யூத வெறுப்பை விசாரிக்கக் கோர்பின் நியமித்த வழக்கறிஞர் ஷமி சக்ரபர்த்தி, 2016 ஜூன் 30 அன்று தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டார். கட்சி முழுக்க யூத வெறுப்பு மண்டிக் கிடக்கவில்லை, ஆனால் சில நேரம் நச்சுச் சூழல் நிலவுகிறது என்றது அறிக்கை. அந்த அறையிலேயே ஒரு கட்சிக்காரர் எழுந்து, ரூத் ஸ்மீத் என்ற யூத எம்.பி. வலதுசாரிப் பத்திரிகையோடு கைகோத்து வேலை செய்கிறார் என்றார். ஸ்மீத் அழுதுகொண்டே வெளியேறினார். குற்றம் சாட்டியவர் ஒரு கறுப்பினச் செயல்பாட்டாளர், ஸ்மீத் யூதர் என்றே எனக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகவே இருக்கட்டும். யூத வெறுப்பைப் பற்றிய அறிக்கை வெளியாகும் மேடையில், ஒரு யூதப் பெண் அழுது வெளியேறும்போது, அந்த அறையில் இருந்தவர்கள் யாரைப் பார்த்தார்கள்? அன்று கோர்பின் எழுந்து அவர் பின்னால் போயிருந்தால் பல விஷயங்கள் வேறு மாதிரி நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

திருத்திக்கொள்ள முடியும் என்று காட்டியவரும் அதே கட்சியில் இருந்தார். பிராட்ஃபோர்ட் எம்.பி. நாஸ் ஷா, எம்.பி. ஆவதற்கு முன்னால், இஸ்ரேலை அமெரிக்காவுக்கு இடம் மாற்றிவிடலாம் என்று ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தார். 2016 ஏப்ரலில் அது வெளியே வந்ததும் மக்களவையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவருக்கு வக்காலத்து வாங்கப் போன லண்டன் முன்னாள் மேயர் கென் லிவிங்ஸ்டன், மறுநாளே வானொலியில் யூதருக்குத் தனி நாடு கேட்ட சியோனிசத்தை ஹிட்லர் முதலில் ஆதரித்தவர் என்றார். வருடக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தார். தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார், துணைக்கு வந்தவர் கேட்கவில்லை. இயக்கத்தில் பலர் இரண்டாமவரைத்தான் வீரர் என்றார்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2009இல் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நம் மக்கள் அந்தச் சதுக்கத்தில் இருந்தார்கள். வன்னியில் ஆஸ்பத்திரி மீது குண்டு விழுகிறது, என் அக்கா குடும்பத்தைக் காணவில்லை என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார். எதிரே நின்றவர் முதலில் கேட்டது என்ன? கையில் என்ன கொடி, நீங்கள் புலியா? செத்தவரின் பெயரைச் சொல்வதற்குள் எந்த அமைப்பு என்று சொல்லியாக வேண்டியிருந்தது. கொடிகளும் இருந்தன, இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் பிணங்கள் பொய்யாகிவிட்டனவா? 2018 மார்ச் 26 அன்று ‘போதும்’ என்று எழுதிய அட்டைகளோடு யூதர்கள் கூடிய இடமும் அதே பாராளுமன்றச் சதுக்கம்தான். அங்கே அரசியல் ஆதாயம் தேடி வந்தவர்களும் நின்றார்கள், பயந்துபோய் வந்தவர்களும் நின்றார்கள். நம்மைக் கேட்ட கேள்வியையே நாம் அவர்களிடம் கேட்டோம்.

தமிழர் நட்பை வைத்தும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது, தம்பி. நமக்காக ஓயாமல் பேசிய இன்னொரு லேபர் எம்.பி. ஷிவான் மக்டோனா. அவர் கோர்பினின் கடும் எதிர்ப்பாளர். இரண்டு கோஷ்டியிலும் நமக்கு உறவு உண்டு.

கட்சித் தலைமையகம் கோர்பினுக்கு எதிராக வேலை செய்தது என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மார்ட்டின் ஃபோர்ட் என்ற வழக்கறிஞரின் அறிக்கை 2022 ஜூலையில் வந்தது. இரண்டு கோஷ்டிகளுமே யூத வெறுப்புப் பிரச்சினையைக் கோஷ்டி ஆயுதமாக நடத்தின என்கிறது அது. ‘இரண்டு’ என்ற அந்தச் சொல்லைத்தான் நம் தோழர்கள் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே, 2020 அக்டோபர் 29 அன்று, பிரிட்டனின் சமத்துவம் மற்றும் மனித உரிமைகள் ஆணையம் தன் முடிவைச் சொன்னது. 70 புகார்க் கோப்புகளை எடுத்துப் பார்த்ததில் 23 இடங்களில் தலைவர் அலுவலகத்தாரும் மற்றவர்களும் முறையற்றுத் தலையிட்டிருந்தார்கள். கட்சி சட்டத்தை மீறியிருக்கிறது என்றது. சில தலையீடுகள் நடவடிக்கையை வேகப்படுத்தியிருக்கின்றன என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரி. ஆனால் புகாரை விசாரிக்கும் மேசை தலைவரின் மேசையாக இருக்கக் கூடாது. தலைவர் நம் ஆளா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

அன்று காலை கோர்பின் ஓர் அறிக்கை விட்டார். ஒரு யூத வெறுப்பாளர் இருந்தால்கூட அது அதிகம் என்றார். கூடவே, பிரச்சினையின் அளவை எதிரிகளும் ஊடகங்களும் அரசியலுக்காகப் பன்மடங்கு ஊதிக் காட்டினார்கள் என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, செத்தவர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பதைப் போல இருந்தது. வேறொரு நாளில் சொல்லியிருக்கலாம். அன்றே அவரைக் கட்சி இடைநீக்கம் செய்தது. மூன்று வாரத்தில் உறுப்பினராகத் திரும்ப எடுத்துக்கொண்டது. மறுநாளே, கோர்பினுக்குப் பின் தலைவரான கீர் ஸ்டார்மர், நாடாளுமன்றக் கட்சியில் சேர்க்க மாட்டேன் என்றார். 2023இல் வேட்பாளராக நிற்கவும் தடை வந்தது. சுயேச்சையாக நின்று 2024 ஜூலையில் இஸ்லிங்டன் நார்த்தில் 7,247 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஸ்டார்மர் வந்த பிறகு மேசை சுத்தமானதா? ஆளும் கோஷ்டி மாறியது. யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டின்பேரிலேயே நடவடிக்கைக்கு ஆளான இடதுசாரி யூதர்கள் உண்டு. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பாலஸ்தீனருக்காகப் பேசுவதும் யூதரை வெறுப்பதும் ஒன்று என்று சொல்கிறவர்கள் இரண்டு மக்களுக்குமே தீங்கு செய்கிறார்கள். எது யூத வெறுப்பு என்பதற்கு 2018இல் கட்சி முழுவதுமாக ஏற்றுக்கொண்ட சர்வதேச வரையறையின் வரைவில் முக்கியப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வழக்கறிஞரே, அதைப் பேச்சை அடக்கும் ஆயுதமாக்குவதை எதிர்த்து எழுதியிருக்கிறார்.

புதுக் கட்சியில் நடப்பதும் இதன் தொடர்ச்சி. கோர்பின் காலத்து லேபர் அந்த வரையறைக்குப் பணிந்துபோனது என்று, அவரோடு சேர்ந்து கட்சி தொடங்கிய ஸாரா சுல்தானாவே 2025 ஆகஸ்டில் பேட்டியில் சொன்னார். நவம்பரில் லிவர்பூல் மாநாடு, தனித் தலைவர் வேண்டாம், கூட்டுத் தலைமை போதும் என்று சிறு வித்தியாசத்தில் முடிவெடுத்தது. நாற்காலியை அப்புறப்படுத்தியதோடு சண்டை தீர்ந்துவிடும் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். நாளைக்கு அங்கே ஒரு யூத உறுப்பினர் புகாரோடு எழுந்தால், அவரை யார் பக்கம் என்று கேட்காமல் விசாரிக்க யார் இருக்கிறார்கள்? வெளியிலிருந்து ஆள் வைத்து, இரு தரப்பையும் அறியாதவரிடம் கோப்பைக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். நான் கடன் என்று எழுதியது இதைத்தான். அந்த வரியை நான் திரும்பப் பெறப்போவதில்லை.

உங்கள் தோழியைப் பற்றிக் கடைசியாக. அவர் உங்களைக் கைவிட்டார் என்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்தே பார்த்தால், அன்று அந்த அறையில் அவர் தனியாக நின்றார், நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். லூசியானா பெர்கர் தன் தொகுதி இருக்கும் லிவர்பூலில், தன் சொந்தக் கட்சி மாநாட்டுக்குப் போலீஸ் காவலோடு வந்தது அதே 2018இல்தான். அவரை மிரட்டிச் சிறைக்குப் போனவர்களில் தீவிர வலதுசாரிகள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் தோழி எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை.

அவருடைய எண் இன்னும் உங்களிடம் இருந்தால் கூப்பிடுங்கள். கோர்பினைப் பற்றிப் பேச வேண்டாம். அன்று பேச எழுந்தபோது என்ன சொல்ல வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

அன்புடன்,
அக்கா