தொகுப்புத் தேடலை அட்டவணையாக எடுப்பது எப்படி?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை நான். பள்ளி லினக்ஸ் கணினிகளுக்குத் தமிழ் எழுத்துருக்கள் தேடுகிறேன். தேடுவதற்கான ஆப்ட் சர்ச் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு பேக்கேஜும் (மென்பொருள் தொகுப்பும்) இரண்டு வரியாக, நடுவில் வெற்று வரியோடு வருகிறது. பெயர், பதிப்பு, விளக்கம் மூன்றும் ஒரே வரியில் வர வழி உண்டா?

பதில்: உண்டு, டீச்சர். கேரளப் பள்ளிகளுக்குக் கைட் என்ற அரசு நிறுவனம் தரும் லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அதனால் இந்தக் கட்டளைகள் அங்கே அப்படியே ஓடும்.

ஆப்ட் சர்ச் திரையில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் வெளியீட்டை வேறு நிரலுக்கு பைப் செய்தால், அதாவது நேரடியாக அனுப்பினால், வடிவம் நிலையானதல்ல என்று அதுவே எச்சரிக்கும். அதை வெட்டி ஒட்ட மெனக்கெட வேண்டாம். பெயரும் விளக்கமும் போதுமென்றால் ஆப்ட்-கேஷ் சர்ச் கொடுங்கள். ஒரு பேக்கேஜுக்கு ஒரே வரி. பைப் போட்டு, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்கு அனுப்பினால் அகரவரிசையும் ஆகிவிடும்.

பதிப்பு எண் அதில் வராது. அதற்கு ஆப்டிட்யூட் என்ற இன்னொரு நிரல் வேண்டும். உபுண்டுவில் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். ஆப்டிட்யூட் சர்ச் என்று தொடங்கி, இரட்டைக் கோட்டோடு (--) டிசேபிள்-காலம்ஸ், அடுத்து ஒற்றைக் கோட்டோடு (-) பெரிய எஃப், அதன்பின் ஒற்றை மேற்கோளுக்குள் %பி|%வி|%டி. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். பியும் டியும் சிறியவை, வி மட்டும் பெரியது. சிறிய வி நிறுவியிருக்கும் பதிப்பைக் காட்டும். இன்னும் நிறுவாத எழுத்துருவுக்கு ஒன்றுமில்லை என்றே வரும். உங்களுக்கு வேண்டியது நிறுவக் கிடைக்கும் பதிப்பு, அதாவது பெரிய வி.

டிசேபிள்-காலம்ஸை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பத்திகளை (நெடுவரிசைகளை) திரைக்குள் அடக்கப் பார்த்து, நீளமான பெயர்களையும் விளக்கங்களையும் ஆப்டிட்யூட் நறுக்கிவிடும். நடுவில் கமா போடாமல் நேர்கோடு (|) போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: விளக்கங்களுக்குள்ளேயே கமா வரும், கால்க் என்ற விரிதாள் நிரலில் திறக்கும்போது பத்திகள் குலைந்துவிடும்.

கடைசியாகத் தேடுசொல். ஆப்டிட்யூட் வழக்கமாகப் பெயரில் மட்டும் தேடும். எழுத்துருப் பேக்கேஜ் பெயர்களில் 'டாமில்' (tamil) என்ற முழுச் சொல் இருக்காது. நான்கெழுத்துக் குறியான 'டாம்ல்' (taml)தான் இருக்கும், லோகித், சாம்யக் என்ற இரண்டு எழுத்துருக்களுக்கும் அப்படியே. எழுத்துரு மட்டும் போதுமென்றால் அந்தக் குறியைக் கொடுங்கள். சொல்திருத்தி போன்றவையும் வேண்டுமென்றால் மேற்கோளுக்குள் அலைக்குறியும் (~) சிறிய டியும் போட்டு, அதை ஒட்டியே 'டாமில்' என்று கொடுங்கள், விளக்கங்களில் தேடும்.