பொருத்தனைப் பணமும் அம்மாவின் டயாலிசிஸும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். அம்மா தூத்துக்குடியில் என்னோடு இருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அண்ணன் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எதுவும் தவறாது. போன மாதம் அம்மாவின் செலவில் பாதி கேட்டேன். சபைக் கட்டடத்துக்குப் பணம் தருவதாகப் பொருத்தனை பண்ணிவிட்டேன், அதில் கை வைக்க முடியாது, "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்" என்று சொல்லிவிட்டான். மகளை ஞாயிற்றுக்கிழமை நீட் கோச்சிங்குக்கு அனுப்புகிற நீ எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா என்றும் கேட்டான். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதால் சில ஞாயிறு நானும் ஆராதனைக்குப் போகவில்லை. உலகத்தை முதலில் வைத்தது நான்தானோ என்று உறுத்துகிறது. பெயர் போட வேண்டாம்.

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த வசனத்தைத் தனியாக வெட்டி காலண்டரிலும் பிரிட்ஜ் கதவிலும் ஒட்டியே பழகிவிட்டோம். மத்தேயு 6இல் அதற்குக் கொஞ்சம் மேலே, 25ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம் என்று தவிக்கிறவர்களிடம்தான் இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பின்னால் தள்ளச் சொல்வது என் சாப்பாடு, என் துணி, என் நாளைய தினம் பற்றிய கவலையை. அம்மாவின் கிட்னியைப் பின்னால் தள்ளிவிட்டு நிம்மதியாக இரு என்று அங்கே ஒரு வரிகூடக் கிடையாது.

உங்கள் அண்ணன் செய்வது புதுசும் இல்லை. மாற்கு 7இல் இதே பேச்சு வருகிறது. அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிட்டேன் என்று மகன் சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் அவன் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறீர்களே, உங்கள் பாரம்பரியத்தால் தேவனுடைய வார்த்தையையே செல்லாததாக்குகிறீர்களே என்று அன்றைய மதத்தலைவர்களான பரிசேயரையும் வேதபாரகரையும் இயேசு பிடித்து உலுக்குகிறார். பொருத்தனை என்கிற பெயரில் இன்று நடப்பதில் பாதி இதுதான். இதில் சபைகளுக்கும் பங்கு உண்டு. கட்டடத்துக்குக் கொடுத்தால் மார்பிள் கல்லில் பெயர் வரும். டயாலிசிஸ் பில்லில் நோயாளி பெயர் மட்டும்தான் வரும்.

அண்ணன் அடுத்து மத்தேயு 10:37ஐ எடுப்பார், தகப்பனையோ தாயையோ என்னிலும் அதிகமாக நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்பதை. கடினமான வசனம்தான், மழுப்ப வேண்டாம். விசுவாசத்துக்காக வீட்டாரே எதிரியாகிப்போன எத்தனையோ பேர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஆனால் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அவனவன் தன் சிலுவையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறது, அதை அம்மா தோளில் ஏற்றச் சொல்லவில்லை. அதைச் சொன்னவரே சிலுவையில் தொங்கிக்கொண்டு தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உயிரை விட்டார்.

தேவனை முதலில் வைத்தவர் என்றதும் எல்லாரும் சொல்லும் ஆள் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஓட மாட்டேன் என்றார். அவர் கதையைச் சொல்லும் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' சினிமாவில் கப்பல் ஏறுகிற நேரத்தில் தெரிய வந்ததாகக் காட்டுவார்கள். உண்மையில் அட்டவணை பல மாதம் முன்பே தெரியும். அந்த மாதங்களில் அவர் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார், 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். பிரசங்கம் வழக்கமாக இங்கேயே முடிந்துவிடும். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு வருவது. 1925இல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க் காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆட வேண்டும் என்றார்கள். முதலில் அவர் சம்மதிக்கவில்லை. நடுவர் இல்லாமலே ஆடி அடிதடியில் போய் முடிந்ததும், அடுத்த ஞாயிறு அவரே நடுவராக மைதானத்தில் நின்றார். தனக்குக் கிடைக்கக்கூடிய பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத நாளை, அந்தப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1941இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் சீனாவில் தங்கினார். மூன்றாவது மகளைப் பார்க்காமலே 1945இல் முகாமில் மூளைக் கட்டியால் இறந்துபோனார். இந்த இடத்தைப் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அப்படித் தாண்ட முடிவதில்லை, அவர் எடுத்த முடிவுக்கு வீட்டாரும் விலை கொடுத்தார்கள். ஆனாலும் அவர் ஆபத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு அவர்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பினார். உங்கள் வீட்டில் நடப்பது நேர் எதிர். பொருத்தனை அண்ணன் பெயரில், கஷ்டம் அம்மாவுக்கும் உங்களுக்கும்.

அதனால் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஞாயிறுகளுக்காகப் பாவமன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். அண்ணனைத் தன் பாஸ்டரிடம் போய் அம்மாவின் நிலைமையைச் சொல்லச் சொல்லுங்கள். விவரமுள்ள பாஸ்டர் என்றால், முதலில் அம்மாவைப் பார், கட்டடம் காத்திருக்கும் என்பார். தசமபாகத்தில் நீங்கள் கை வைக்கச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பேச்சு அங்கே திரும்பினால் வீண் சண்டைதான்.

மகள் விஷயத்தில் மட்டும் நான் அண்ணன் பக்கம். அம்மாவின் மூச்சுத்திணறல் நேரம் பார்த்து வராது, ஆனால் கோச்சிங் நேரம் முன்கூட்டியே தெரியும். வருஷம் முழுக்க ஞாயிறு காலை அங்கே போய்விட்டால் பிள்ளைக்கு என்ன பழகும் என்று யோசியுங்கள். மதிய பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் காலை ஆராதனை சீக்கிரமே முடிகிற சபை பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், பதினேழு பதினெட்டு வயதில் அவளுக்கே இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கும். இதைச் சரிசெய்த பிறகு, நீ சொன்னதில் இது நியாயம்தான் என்று அண்ணனிடம் ஒப்புக்கொண்டுவிட்டு டயாலிசிஸ் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.