'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பதா, ரத்தா?

கேள்வி: "தி மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப்" என்று அலுவலகத்தில் மெயில் வந்தது. கூட்டம் ரத்து என்று எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் ஒருவரோ "தி பிரைஸ் புட் மீ ஆஃப்" என்று எழுதியிருக்கிறார். வீட்டில் லைட்டை அணைக்கவும் "புட் ஆஃப்" என்கிறோம். எதுதான் சரி?

பதில்: உங்கள் கூட்டம் ரத்தாகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. ரத்து என்றால் "கால்ட் ஆஃப்" என்று வந்திருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு இன்டர்வியூவையே கோட்டைவிட நேரும். எந்த நாளுக்குத் தள்ளிவைத்தார்கள் என்று உடனே கேட்டுவிடுங்கள்.

அந்த வாடிக்கையாளரின் வரி வேறு விஷயம். இங்கே தள்ளப்பட்டது வேலையல்ல, ஆள். விலையைப் பார்த்ததும் வாங்கும் ஆசையே அவருக்குப் போய்விட்டது. "புட்ஸ்" என்று எழுதாததைக் கவனித்தீர்களா? இந்தச் சொல்லுக்கு இறந்தகாலத்திலும் "புட்" தான். அதாவது மனசு ஏற்கெனவே விலகிவிட்டது. அவருக்குப் பதில் எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆளைக் குறித்து வந்தால் எப்போதும் வெறுப்புதான் என்றும் சொல்ல முடியாது. பணத்தை எண்ணும்போது பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் "யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்" என்பார்கள். கவனம் சிதறுகிறது என்று பொருள். கடன் கொடுத்தவருக்கு ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்புவதும் "புட் ஆஃப்" தான். முன்பின் வரியைப் படித்தால்தான் பிடிபடும்.

எழுதும்போது பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். "இட்", "தெம்" போன்ற சுட்டுப்பெயர்கள் நடுவில்தான் வர வேண்டும்: "புட் இட் ஆஃப்". "புட் ஆஃப் இட்" தவறு. "தி மீட்டிங்" போன்ற பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். அப்புறம், ஒரு செயலைத் தள்ளிப்போடுவதைச் சொல்லும்போது "புட் ஆஃப் கோயிங்" என்று 'இங்' சேருங்கள். "புட் ஆஃப் டு கோ" கூடாது.

சரி, லைட்டுக்கு வருவோம். நம் நாட்டு ஆங்கிலத்தில் "புட் ஆஃப் தி லைட்" நன்றாகவே புழங்குகிறது, வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். தேர்விலோ வெளிநாட்டவருக்கு எழுதும்போதோ "டர்ன் ஆஃப்", "ஸ்விட்ச் ஆஃப்" போடுவது நல்லது. நெருப்பையும் மெழுகுவத்தியையும் அணைப்பதற்கு "புட் அவுட்".