இரண்டு டயர் போதுமா, நான்கும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. லீவரைப் போட்டால்தான் நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும், அந்தப் பழைய வகை. டயர் அளவு 235/75 ஆர்15. முன் டயர்கள் மொட்டையாகிவிட்டன, பின்னால் பாதி பட்டன் (டயரின் மேலுள்ள ரப்பர் கட்டைகள்) மிச்சம். கடைக்காரர் முன்னால் இரண்டு மட்டும் போதும் என்கிறார். நண்பரோ 31 அங்குல மட் டயராகப் போடு, வண்டி கம்பீரமாக இருக்கும் என்கிறார். ஓட்டம் முக்கால்வாசி தார்ச்சாலை, மழைக்காலத்தில் கொஞ்சம் சேறு. என்ன வாங்கலாம்?

பதில்: பழைய அளவிலேயே, ஒரே கம்பெனி, ஒரே மாடலில் நான்கு ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவானது) வாங்குங்கள்.

உங்கள் மாதிரி வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. லீவரைப் போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். புது டயரில் பட்டன் ஆழம் 9 மி.மீ., பழையதில் 4 மி.மீ. என்று வையுங்கள். விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன் சக்கரம் கணக்குப்படி 13 மீட்டருக்கு மேல் கூடுதலாக உருளப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி இதைச் சரிக்கட்டிவிடும். கெட்டியான தரையில் அது முடியாது. அந்த முறுக்கம் முழுவதும் இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில் விழும். லீவரைத் திரும்ப எடுக்கப் பார்த்தால் வராமல் அடம்பிடிப்பது பல நேரம் இதனால்தான். ஒரே அளவு டயர் இருந்தாலும் காய்ந்த தார்ச்சாலையில் அந்த லீவரைப் போடக் கூடாது என்பது வேறு விஷயம்.

கையில் காசு இப்போது இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால், நான்கும் மாற்றும் வரை லீவரைத் தொடாதீர்கள். அந்தப் புது ஜோடியையும் முன்னால் போடாமல் பின்னால் போடுங்கள், பின்னால் இருப்பவை முன்னால் வரட்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடிப்பது கஷ்டம்.

31 அங்குலம் என்றால் விட்டம் சுமார் 787 மி.மீ. உங்களுடையது 733. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-ல் போய்க்கொண்டிருக்கும். வயதான இன்ஜின் ஏற்றத்தில் கூடுதலாகத் திணறும், பிரேக்குக்கும் வேலை அதிகம். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் எங்காவது உரசினாலும் உரசும். மட் டயர் சேற்றில் ராஜாதான், மறுக்கவில்லை. ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல், சீக்கிரத் தேய்மானம், ஈரத்தில் நீளும் பிரேக் தூரம். கம்பீரத்துக்காக இவ்வளவு தர வேண்டுமா?

கடையில் டயரைக் கழற்றிப் போடுவதற்கு முன்பே பக்கவாட்டைப் பாருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள்தான் தயாரித்த தேதி. 1823 என்றால் 2023-ன் 18-வது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கத்தை உள்பக்கமாக வைத்து மாட்டிவிட்டால், பிறகு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதிகம் ஓடாத பழைய வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன் ரப்பர் வெடிப்பு விட்டுவிடும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் ஆன டயரை நம்பாதீர்கள். ஸ்டெப்னியின் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

அளவுக்கு அடுத்து வரும் எண் பாரம் தாங்கும் குறியீடு. 105 என்றால் ஒரு டயருக்கு 925 கிலோ. வண்டியோடு வந்த கையேட்டில் இருப்பதைவிடக் குறைவாக வாங்காதீர்கள்.

அப்புறம், முன் டயர்கள் மட்டும் ஏன் இப்படித் தேய்ந்தன? பட்டன்களின் மேல் குறுக்காகக் கையை ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிப்பதாகவும் இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகங்களான கிங்பின் அல்லது பால் ஜாயின்ட், டை ராட், வீல் பேரிங் எதிலாவது ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் நிற்காது.

கேள்வி: ட்யூப் டயர் ஓடிய பழைய இரும்பு ரிம்மிலேயே ட்யூப்லெஸ் போடலாமா?

பதில்: ரிம்மைப் பொறுத்தது. ட்யூப்லெஸ் ரிம்மில் டயரின் ஓரம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு சுற்றி ஓடும். திருப்பத்தில் டயர் உள்ளே நழுவாமல் பிடிப்பது அதுதான். பழைய ரிம்கள் பலவற்றில் அது இருக்காது, ரிவெட் அடித்த ரிம் என்றால் காற்றும் கசியும். மேடு இல்லையென்றால் ட்யூப் டயரோடு இருங்கள், இல்லாவிட்டால் ரிம்மையும் சேர்த்து மாற்றுங்கள்.