இனுயிட் கற்பறவை: அசலைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: ஓய்வுபெறும் எங்கள் மேலாளருக்கு, கனடாவின் வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்கள் கல்லில் செதுக்கும் ஆந்தை ஒன்றைப் பரிசளிக்க விரும்புகிறோம். டொரண்டோவில் நினைவுப்பொருள் கடையொன்றில் 45 டாலருக்கும், கலைக்கூடம் ஒன்றில் அதே அளவுள்ளது 600 டாலருக்கும் கிடைக்கின்றன. மலிவானதில் ‘கனடாவில் செய்தது’ என்ற சீட்டு இருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தச் சீட்டு பொருள் உருவான நாட்டை மட்டுமே சொல்கிறது, அதைச் செய்தவர் இனுயிட் கலைஞர் என்பதற்கு அது சான்றாகாது. போலிகள் பெருகியதால் 1958-இல் கனடா அரசு அறிமுகப்படுத்தியதும், 2017 முதல் இனுயிட் கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பதுமான ‘இக்லூ’ முத்திரை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிற்பங்கள் பல அட்டையைத் தொலைத்துவிட்டவை என்பதால், அது இல்லாததாலேயே ஒன்றைப் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

அடுத்து, பறவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கல் குளிர்ந்திருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். கல்தூளைப் பிசினில் கலந்து அச்சில் வார்த்த பொம்மையோ கைச்சூட்டில் விரைவில் வெதுவெதுப்பாகும். பின்பு கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். அசலில் இனுயிட் அசை எழுத்துகளிலோ ஆங்கிலத்திலோ கீறிய கையொப்பத்தின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் அவை மழுங்கித் தெரியும், பக்கவாட்டில் அச்சு இணைந்த மெல்லிய கோடும் சில வேளை தென்படும். ஒரே வளைவுடன் ஒரே இடத்தில் ஒரே கீறலுடன் பத்து ஆந்தைகள் வரிசையாக நின்றால் அவை கையால் செதுக்கப்பட்டவை அல்ல. பிசின் உருகுகிறதா என்று அறிய, சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். விற்பனைக்கு வைத்த பொருளை அவ்வாறு பாழாக்க வேண்டாம்.

1970-களுக்கு முற்பட்ட சில சிற்பங்களில் பெயருக்குப் பதில், ஓர் ஆங்கில எழுத்துடன் கூடிய எண் இருக்கும். இனுயிட் மக்களுக்கு அரசு வழங்கிய அடையாள எண் அது. ஒரு கலைஞரின் படைப்பில் அவர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் எண்ணைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. இன்று பெயரோடு விற்கும் பறவையையே வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

600 டாலர் அதிகமா என்பது கல்லையும் வேலைப்பாட்டையும் பொறுத்தது. மாக்கல் நகம் பட்டாலே கீறும். கனடாவின் வடக்கே கின்னாயிட் (Kinngait, முன்பு கேப் டார்செட்) போன்ற இனுயிட் ஊர்களில் பயன்படும் செர்பென்டைன் என்னும் பச்சைநிறக் கல் அதைவிடக் கடினமானது, செதுக்கி மெருகேற்ற உழைப்பும் கூடும். விரித்த இறகும் மெல்லிய அலகும் செதுக்கும்போதே உடையக்கூடியவை என்பதால் விலை ஏறுவது நியாயமே.

கலைஞர் பெயர், ஊர், கல்லின் வகை ஆகிய மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் 45 டாலரும் செலவிடாதீர்கள். மேலாளர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வாரெனில், கண்ணிலோ அலகிலோ வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தம் பதித்ததைத் தவிர்த்து, முழுவதும் கல்லால் ஆனதையே தேர்ந்தெடுங்கள். தந்தத்துக்குப் பல நாடுகளில் அனுமதிச் சிக்கல் உண்டு.